பொங்காத பாலும் ஐம்பத்து மூன்று ஓமும்

பத்தாம் வகுப்பில் விஞ்ஞானம் படிப்பித்த சேர் ஓமின் விதியை நடத்தி முடித்த கிழமையிலிருந்து நான் வீட்டில் வைத்துப் பார்க்கமுடியாத பிள்ளையாகிவிட்டேனாம். அம்மா இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை. அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் வலு. மொத்தமே இவ்வளவுதான். ஆனால் அதுவரை பாடசாலையில் படித்த எதுவும் என்னோடு கூடவே தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்ந்ததில்லை. பாலைவனமும் எரிமலையும் புத்தகத்தோடு நின்றுவிட்டன. இது மட்டும் இரண்டு கம்பியில் ஏறி, எங்கள் தகரக் கூரைக்குக் கீழே புகுந்து, அடுப்படியில் தொங்கிய குண்டு பல்பில் எரிந்துகொண்டிருந்தது.

கரண்டில் ஓடுகிற ஒவ்வொரு சாமானின் முதுகிலும் எத்தனை வோல்ட், எத்தனை வாட் என்று அச்சடித்திருப்பார்கள் என்பதையும் அப்போதுதான் கண்டுபிடித்தேன். அதன்பிறகு எதையும் நிமிர்த்தி வைத்த இடத்தில் விடவில்லை. அயர்ன் பெட்டியைப் புரட்டினேன். டிவிப் பெட்டியைச் சுவரோடு திருப்பி வைத்துப் படித்தேன். பக்கத்துக் காம்பராவில் கேத்தலைக் கவிழ்த்துப் பார்த்து, அந்த வீட்டுக்காரம்மாவின் காலில் தண்ணீரைக் கொட்டிவிட்டு வசவு வாங்கினேன். சாமான் தீர்ந்துபோனதும் மனிதர்களைக் கணக்கெடுத்தேன். அம்மாவுக்கு அழுத்தம் கூட. அப்பாவுக்குத் தடை என்பதே கிடையாது. யார் எதைச் சொன்னாலும் தங்குதடையில்லாமல் உள்ளே போய்விடும். அதிலும் அத்தை சொன்னால் கேட்கவே வேண்டாம்.

அத்தை என்றால் அப்பாவுக்கு அக்கா. ஆகவே எங்கள் வீட்டில் அக்கா என்று கூப்பிட்டால் இரண்டு பேரில் யார் என்று பார்க்கவேண்டும். ஒன்று என்னுடைய அக்கா, மற்றது அப்பாவுடையது. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபிறகு அப்பாவை இடுப்பில் வைத்து வளர்த்தவர் அத்தைதான். கொழுந்து பறித்து அவரைப் படிக்கவைத்து, தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகே தான் கல்யாணம் செய்துகொண்டு ராகலைப் பக்கம் போனாராம். அந்த அத்தையின் முகத்துக்கு நேரே முடியாது என்ற சொல்லை அப்பா வாழ்க்கையில் சொன்னதில்லை. சொல்லத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அத்தைக்கு ஒரே மகன். மரக்கறி லொறி வைத்திருந்தார். குடிக்கமாட்டார், சத்தம்போட்டுப் பேசமாட்டார், எங்கள் வீட்டுக்கு வந்தால் கோவா, லீக்ஸ் என்று காய்களைக் கொண்டுவந்து அடுப்படி வாசலில் வைத்துவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பார். என் அக்காவை அவருக்குத்தான் என்று அக்கா தொட்டிலில் கிடந்தபோதே அத்தை சொல்லிவைத்துவிட்டார். அக்கா உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவில் எழுதி, பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சத்தில் தவறிவிட்டிருந்தார். இன்னொரு தரம் எழுதினால் கிடைத்துவிடும் என்று அவருடைய பாடசாலையில் எல்லோரும் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து, மகனுக்கு வயசாகிறது, பேசி முடித்துவிடுவோம் என்று அத்தை ஆளிடம் சொல்லியனுப்பினார். அப்பா சரி என்றார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவை யாரும் கேட்கவில்லை. அக்காவும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து, சோறு மட்டும் குறைவாகச் சாப்பிட்டார்.

அப்பா வழியில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசி முடிக்க வரும்போது மாப்பிள்ளை வீட்டார் ஓர் அடுப்பைக் கொண்டுவருவார்கள். பெண் வீட்டில் நல்ல நேரத்தில் அந்த அடுப்பைப் பற்றவைத்து, நேரம் கழிவதற்குள் பால் பொங்கி வழியவேண்டும். பொங்கினால் பேச்சு முடிந்தது; அதற்குப் பிறகு சாமி வந்து சொன்னாலும் மாறாது. முன்னே மண்ணடுப்பு, பிறகு மண்ணெண்ணெய் அடுப்பு என்று வந்துகொண்டிருந்த இந்த வழக்கத்தில் பால் பொங்காமல் போனதாக யாரும் கேள்விப்பட்டதே இல்லை. விறகை இன்னும் இரண்டு சொருகினால் பொங்காமல் என்ன செய்யும்?

ஆனால் அத்தை நாகரிகமானவர். தம்பி மகளுக்கு மண்ணெண்ணெய் அடுப்பா என்று நினைத்து, வட்டச் சுருளாகக் கம்பி வைத்த கரண்ட் அடுப்பு ஒன்றை வாங்கி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே பஸ் மாறி மாறி ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் லயத்துக்கு வந்து இறங்கினார். மகனுக்கு அன்றைக்கு லொறியில் தம்புள்ள ஓட்டம். பேச்சு முடிந்தபிறகு அவர் வந்தால் போதும் என்றார்.

வந்தவரைக்கூடச் சரியாக வாங்க என்று கேட்காமல் நான் பெட்டியைப் பிரித்து அடுப்பைப் புரட்டினேன். இருநூற்று முப்பது வோல்ட், ஆயிரம் வாட். வலுவை அழுத்தத்தால் வகுத்தால் ஓட்டம்: நாலும் கொஞ்சமும் அம்பியர். அழுத்தத்தை அந்த ஓட்டத்தால் வகுத்தால் தடை: ஐம்பத்து மூன்று ஓம்.

"அத்தை, இதுல ஐம்பத்து மூணு ஓம் இருக்கு," என்றேன்.

"ஓமமா? புதுசுதான் புள்ள, கடையில பிரிச்சே பாக்கல," என்றார் அத்தை. லயமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. என் கையிலிருந்து அடுப்பை வாங்கி, தானும் ஒருமுறை புரட்டிப் படித்துவிட்டு, திருப்பித் தந்தார். அன்று அந்தியில் தன்னுடைய மீட்டரை எடுத்து வந்து அடுப்படி பிளக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாடசாலைச் செயற்றிட்டம் ஒன்றுக்காக ஹட்டனில் வாங்கிய, வோல்ட் அளக்கிற மஞ்சள் மீட்டர் அது. என்னைத் தொடவிடமாட்டார். என்ன காட்டுது என்று கேட்டதற்கு, சும்மா, என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் அத்தை அடுப்பைச் சோதித்துப் பார்த்தார். பிளக்கைப் போட்டு இரண்டு பேச்சுப் பேசுவதற்குள் கம்பி செக்கச்செவேல் என்று சிவந்துவிட்டது. வைத்த தண்ணீர் கடகடவென்று கொதித்து, எல்லோருக்கும் சுடச்சுட பிளேன்டி கிடைத்தது. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. காலையிலேயே ஒரு நல்ல நேரம் இருக்கிறது, அதிலேயே பாலை வைத்துவிடலாம் என்றார்.

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தார்.

"காலையில வேணாம் அத்தை. சனமெல்லாம் வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போயிரும், பொம்பளைங்க எல்லாம் மலையில கொழுந்தெடுத்துக்கிட்டு இருப்பாங்க. அந்திக்கும் ஒரு நல்ல நேரம் இருக்கு. அப்ப வச்சா லயமே வந்து நின்னு பாக்கும்."

அத்தைக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் கல்யாணப் பேச்சை ஊர் பார்க்கவேண்டும் என்று மருமகளே ஆசைப்படுகிறாள்! அக்காவின் தலையைத் தடவி, "ஒன் இஷ்டம்தான் தங்கம்," என்றார். அம்மா அக்காவை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். இத்தனை நாளும் சோற்றை அளைந்துகொண்டிருந்தவருக்குத் திடீரென்று எப்படி இவ்வளவு உற்சாகம் வந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தேத்தண்ணீரை எல்லா வீட்டாரும் சேர்ந்துதான் போடுவார்கள். ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் ஒரு கேத்தல் வந்துவிடும். ஒரு வியாபாரி வேனில் கொண்டுவந்து விற்றுவிட்டுப் போனதிலிருந்து எல்லா வீட்டிலும் ஒரே நிறத்துக் கரண்ட் கேத்தல் இருந்தது. மலையிலிருந்து ஆட்கள் இறங்கியதும் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். எங்கள் லயத்தோடு நிற்கவில்லை. கீழ் லயத்துக்கும் போனார்.

"பால் அடுப்புல ஏறினதும் நான் தங்கச்சிய விட்டு ஒரு சத்தம் குடுக்கச் சொல்றேன். அப்ப எல்லாரும் கேத்தல போடுங்க. ஆறிப்போச்சுன்னா மறுபடி போடுங்க. வந்தவங்களுக்குச் சூடா குடுக்கணும்ல," என்று எல்லா வாசலிலும் சொன்னார். சொந்த விசேஷத்துக்கு இவ்வளவு பொறுப்பாகப் பெண்ணே ஓடியாடி வேலை செய்வதை லயம் மெச்சியது. சத்தம் கொடுக்கிற வேலை எனக்குக் கிடைத்ததில் எனக்கும் தலைகால் புரியவில்லை.

அந்தி நல்ல நேரம் தொடங்கியது. அடுப்படியில் கோலம் போட்டு, அடுப்புக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, அத்தை சூடம் காட்டினார். பால் சட்டியை அக்காவே தூக்கி வைத்தார். நான் வாசலுக்கு ஓடிப்போய்க் கத்திவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அடுப்படிப் பல்பு மஞ்சளாகி, கொஞ்ச நேரத்தில் சிவப்பாகி, அவிந்துபோகிற கொள்ளிபோல நின்றது. அடுப்புக் கம்பியைப் பார்த்தேன். காலையில் கண்ட சிவப்பு அங்கே இல்லை. சூடு இருந்தது, நிறம் இல்லை. பால் சட்டியில் ஆடைகூடக் கட்டவில்லை. கூட்டம் வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்தது. அத்தை முதலில் சிரித்துக்கொண்டு, புதுச் சாமான் இல்லையா, கொஞ்சம் பொறுங்க என்றார். பிறகு பிளக்கை அழுத்தினார். பிறகு சட்டியை நகர்த்தி நகர்த்தி வைத்தார். பிறகு வேண்டிக்கொள்ளத் தொடங்கினார். குளிரில்கூட அவருடைய நெற்றி வேர்த்திருந்தது. அப்பா மணிக்கூட்டையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல நேரம் கழிந்துகொண்டிருந்தது.

எனக்கோ வேறு எதுவும் கண்ணில் படவில்லை. காலையில் எரிந்த அதே அடுப்பு. அதே பிளக். அதே ஐம்பத்து மூன்று ஓம். பிறகு ஏன்? அந்தக் கேள்வி என்னைப் பிடித்து உலுக்கியது. அக்காவின் மீட்டர் அலுமாரிக்கு மேலே இருந்தது. எடுத்து வந்து, பக்கத்தில் இருந்த மற்றப் பிளக்கில் இரண்டு முனையையும் சொருகினேன். அம்மா அலறிக்கொண்டு முதுகில் ஒன்று வைத்தார். அதற்குள் நான் படித்துவிட்டேன். நூற்றைம்பது வோல்ட்.

ஓட்டத்தை அந்த மீட்டரால் பார்க்கவேண்டுமானால் வயரை வெட்டவேண்டும். அம்மா என்னை வெட்டிவிடுவார். ஆனால் வெட்டத் தேவையில்லை, அதுதானே கணக்கு! கரித்துண்டு ஒன்றை எடுத்துச் சீமெந்துத் தரையில் உட்கார்ந்தேன். தடை மாறவில்லை, ஐம்பத்து மூன்று. நூற்றைம்பதை ஐம்பத்து மூன்றால் வகுத்தால் ஓட்டம் மூன்றுகூட இல்லை. அதை நூற்றைம்பதால் பெருக்கினால் வலு நானூற்றிச் சொச்சம் வாட். ஆயிரம் வாட் அடுப்பு நானூற்றிச் சொச்சத்தில் எரிகிறது. அழுத்தம் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. வலு பாதிக்கும் கீழே போய்விட்டது. அழுத்தம் குறையும்போது ஓட்டமும் சேர்ந்தே குறைகிறது, இரண்டையும் பெருக்கினால் அடி இரண்டு மடங்காக விழுகிறது என்று எனக்குத் தரையில் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. உடம்பெல்லாம் புல்லரித்தது. என் வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்த முதல் சங்கதி அது.

"நேரம் போச்சு," என்று வாசலில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"அடுப்புல பிழை இல்ல அத்தை!" என்று நான் துள்ளி எழுந்தேன். "சகுனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வோல்ட்டு பத்தல. இங்க பாருங்க, கணக்கு!"

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். நகம் பதிந்தது. அதைக் கவனிக்கிற நிலையில் நான் இல்லை.

அத்தை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப காலையில மட்டும் எப்படிப் புள்ள எரிஞ்சிச்சு?"

"காலையில யாருமே கரண்ட் பாவிக்கல. கம்பி தொழிற்சாலைப் பக்கமிருந்து எல்லா லயத்தையும் தொட்டுக்கிட்டு வந்து எங்ககிட்டதான் முடியுது. இப்ப எல்லா வீட்டுலயும் ஒரே நேரத்துல கேத்தல் போட்டிருக்காங்க. ஒரு கேத்தலே நம்ம அடுப்ப விட ரெண்டு மடங்கு இழுக்கும். எல்லாரும் இழுத்தா எங்களுக்கு என்னா மிஞ்சும்?"

"எல்லாரும் ஏன் ஒரே நேரத்துல போட்டாங்க?"

"அக்காதான் போடச் சொல்லுச்சு," என்றேன். கீழ் லயத்துக்கும் போய்ச் சொன்னோம் என்பதையும், கணக்கில் எதுவும் விட்டுப்போகக்கூடாது என்று சேர்த்துச் சொன்னேன்.

அத்தை அக்காவைப் பார்த்தார். அக்கா முதலில் தரையைப் பார்த்தார். பிறகு முகத்தை நிமிர்த்தி அத்தையை நேராகப் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, ஆனால் பார்வையை எடுக்கவில்லை. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

எனக்கு இந்தத் தாமதம் பொறுக்கவில்லை. "நாளைக்குக் காலையில வச்சுப் பாருங்க, சட்டுனு பொங்கிரும். நான் எழுதித் தாறேன்!"

அப்பா தொண்டையைச் செருமினார். "நீங்க சொன்னா நாளைக்கே வைப்போம்க்கா," என்றார். அந்தக் குரல் அவருடையதுபோலவே இல்லை.

அத்தை எழுந்தார். பிளக்கைத் தன் கையாலேயே கழற்றினார். வெதுவெதுப்பான பாலை என் கையில் கொடுத்துக் குடி என்றார். பிறகு வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "பால் பொங்கல. சகுனம் சரியில்ல. இந்தப் பேச்சு இத்தோட போகட்டும் தம்பி. புள்ள படிக்கட்டும்," என்றார்.

"சகுனம் இல்ல அத்தை, வோல்ட்டு!" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒன் வோல்ட்டு ஒன்னோட இருக்கட்டும். என் சகுனம் என்னோட இருக்கட்டும்," என்று என் வாயில் விரலை வைத்தார்.

அப்பா பெரிதாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பாவம், அவருக்கு எவ்வளவு ஏமாற்றம் என்று நினைத்தேன். பொழுது நன்றாக இருட்டுமுன்னே கூட்டம் கலைந்தது. எல்லா வீட்டிலிருந்தும் வந்த தேத்தண்ணீர் குடிக்க ஆளில்லாமல் ஆறியது. என் கரிக் கணக்கை அம்மா ஈரத்துணியால் துடைத்துவிட்டார். ஒரு உண்மையைக் கண்ணுக்கு நேரே நிரூபித்துக் காட்டியும் பெரியவர்கள் இப்படி ஒரு சட்டிப் பாலை நம்புகிறார்களே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் அறிவுள்ள ஒரே ஆள் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மறுநாள் காலை அத்தை புறப்பட்டார். அடுப்பைக் கொண்டுபோகவில்லை, விடியக்காலம் எழும்பிப் படிக்கிறபோது தேத்தண்ணி போட்டுக்கொள்ளட்டும் என்று அக்காவிடமே கொடுத்துவிட்டார். அக்கா அவருடைய காலில் விழுந்தார். அத்தை தூக்கி எடுத்து அணைத்துக்கொள்ள, இரண்டு பேரும் சத்தமில்லாமல் அழுதார்கள். கல்யாணம் நின்றுபோன துக்கத்தில் அக்கா அழுகிறார் என்று எனக்கு நெஞ்சு வலித்தது. அக்காவுக்காக இன்னும் ஒரு தடவை முயற்சி செய்துபார்ப்பது என்று முடிவுகட்டிக்கொண்டு, அத்தையின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்புக்கு நானே கூடப் போனேன்.

போகிற வழியெல்லாம் சொன்னேன். அழுத்தம், ஓட்டம், தடை, வலு. அத்தை கேட்டுக்கொண்டே வந்தார். தரிப்பில் நின்றபோது, மகனிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"பால் பொங்கலன்னு சொல்லுவேன். ரொம்ப நாளா நெனச்சிக்கிட்டு இருந்தவன்... அப்படிச் சொன்னாத்தான் மனசு ஆறும்," என்றார்.

"கணக்கச் சொல்லுங்க அத்தை. அதான் உண்மை. உங்களுக்கு வெளங்குச்சா, இல்லாட்டி இன்னொருக்காச் சொல்லவா?"

அத்தை என் தாடையைப் பிடித்து, கண்ணில் நீரோடு சிரித்தார். "வெளங்குச்சு புள்ள. நேத்து நீ கேத்தல் கதைய சொன்னப்பவே எனக்கு எல்லாம் வெளங்கிருச்சு."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அஞ்சாம் வகுப்போடு மலைக்குப் போன மனுஷிக்கு ஓமின் விதி எங்கே விளங்கியிருக்கப்போகிறது, என் மனம் நோகக்கூடாது என்றுதான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாதா? பஸ் வளைவில் மறையும்வரை கையை ஆட்டிவிட்டு, படிக்காத அத்தைக்காக ரொம்பவும் இரக்கப்பட்டுக்கொண்டே நான் லயத்துக்கு ஏறி வந்தேன்.